ஒரு நிமிடம் பதினெட்டுச் செக்கன்

அத்தியாயம் 17

போன வாரம் அன்ரோனெற்றைக் கையில் ஒரு கடிதத்தோடு பேசாலைத் தபால் கந்தோர் வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், இந்த ஒரு கிழமையில் அவள் அதை மடித்து விரித்து, விரித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே தேய்ந்துபோயிற்று.

தேய்ந்தால் என்ன, இருந்தது நாலே வரிதான். தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில், லம்பேட் என்று பேர் சொன்ன ஓர் ஆள் தன் குரலைப் பதிந்து கொடுத்திருக்கிறான். ஊர் பேசாலை என்கிறான். மனைவி பேர் அன்ரோனெற் என்கிறான். மன்னார்க் கந்தோருக்கு நேரில் வந்து கேட்டு, உங்கள் ஆள்தானா என்று எழுதித் தரவும்.

நாலு வருசத்துக்கு முன் லம்பேட் கடலுக்குப் போனான். படகு மட்டும், எஞ்சினோடு, தலைமன்னார்க் கரையில் வந்து ஒதுங்கியது. தேடினார்கள், அழுதார்கள், செத்த வீட்டுப் பூசையும் ஒப்புக்கொடுத்தார்கள். இந்த வருசம் ஆயர் இல்லத்திலிருந்தும் கடிதம் வந்தது: இனி அந்தப் பிள்ளை வேறு கலியாணம் செய்யத் தடையில்லை. மாப்பிள்ளை பெனடிக்ற். அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை கலியாணம். தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிற கலியாண ஓலையைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது வாசிப்பு இந்த ஞாயிறு.

பங்குத்தந்தை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "வியாழக்கிழமை போய்க் கேட்டுப்போட்டு வந்து சொல்லு பிள்ளை. அவர்தான் எண்டால் ஓலையை நிப்பாட்டுவன். அவர் இல்லையெண்டால் வாசிப்பன்."

இன்றைக்கு வியாழக்கிழமை.

* * *

மன்னார்ப் பட்டினத்துப் பெரிய கடைக்குப் பின்னால், 'உறவு தேடும் நிலையம்' என்று போர்டு மாட்டிய கந்தோரில், அன்ரோனெற்றின் அக்கா பிரான்சிஸ்கா இரண்டு மணியிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தாள்.

பிரான்சிஸ்காவை உங்களுக்குத் தெரியும். ஏழு வருசமாக இந்தக் கந்தோரில் லிகிதர். யாரையும் மதிக்கிற பழக்கம் அவளிடம் இல்லை. தம்பி அருளப்புவை வாய்வீச்சுக்காரன் என்பாள். மாப்பிள்ளை பெனடிக்ற்றை, வாய்க்குள் கொழுக்கட்டை வைத்திருக்கிறவன் என்பாள். தங்கச்சியின் மாமி, லம்பேட்டின் தாய் செபஸ்தியம்மாவைப் பற்றி அவள் சொல்வதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க ஏலாது. மகனுடைய பூசை முடிந்து ஆறு மாதத்துக்குள், மருமகளை ஒரு வார்த்தை கேட்காமல், கொழும்புக் கொட்டாஞ்சேனையில் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்ட மனுசி அவள்.

எல்லாரையும் விடப் பிரான்சிஸ்காவுக்கு ஆகாதது கொழும்புத் தலைமைக் கந்தோர். போன வருசம் வரைக்கும் இங்கே நல்ல கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, சோற்றுப் பெட்டி அளவில் இந்த வெள்ளைச் சாமானை அனுப்பினார்கள். இதற்குள் ஒன்றுமே கிடையாது. எல்லாம் கொழும்பில், சேர்வர் என்கிற பெரிய மெஷினில். அதன் திரை மட்டும் சற்றலைற் வழியாக வந்து இங்கே தெரியும். இங்கே எலியை அசைத்தால் அங்கே அம்பு அசையும். அதுவும் மனம் வைத்தால்.

"எங்கட கையில ஒண்டும் இருக்கக் கூடாதெண்டுதான் இந்த வேலை" என்று அவள் அன்றைக்கே சொன்னாள். "படத்தில சாப்பாட்டைக் காட்டிப் பசியாத்திற கூட்டம்."

முகாமில் பதிந்த குரல்களும் அந்தச் சேர்வருக்குள்தான். அதைச் சீடித் தட்டில் போட்டுத் தபாலில் அனுப்பமாட்டார்கள். வழியில் யார் கையில் கிடைக்குமோ என்ற பயம். ரெலிபோனில் போட்டுக் காட்டவும் மாட்டார்கள். மன்னார் ரெலிபோனில் எத்தனை காது இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரியும். கந்தோருக்கு வந்து, இந்தப் பெட்டியின் முன் இருந்து, லிகிதர் சாட்சியாகத்தான் கேட்கவேண்டும். கொழும்புக்கான சற்றலைற் நேரம் மன்னாருக்கு இரண்டிலிருந்து நாலு மணி வரை.

மணி இரண்டேகால். திரையில் லம்பேட்டின் கோப்பு இருந்தது. நீளம்: ஒரு நிமிடம் பதினெட்டுச் செக்கன்.

"போடன் அக்கா" என்றாள் அன்ரோனெற். பக்கத்துக் கதிரையின் நுனியில் இருந்தாள். கறுப்பைக் கழற்றி இரண்டு மாதம்தான். இன்றைக்கு இளம் பச்சையில் பூப்போட்ட சட்டை. அதைப் பெனடிக்ற் வாங்கிக் கொடுத்தான் என்பது பிரான்சிஸ்காவுக்குக் கேட்காமலே தெரியும்.

பிரான்சிஸ்கா எலியை அமத்தினாள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. ஊர்ந்து முடிந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"என்னக்கா?"

"பொறடி."

திரும்ப அமத்தினாள். கோடு ஊர்ந்தது. ஸ்பீக்கரில் காதை வைத்தாள். ஊமை. வயரைப் பிடுங்கி மாட்டினாள். ஹெட்போனைக் கொண்டுவந்து குத்தினாள். அதுவும் ஊமை. வொலியூமைக் கொஞ்சம் கூட்டினாள். பிறகு இன்னும் கொஞ்சம். நாலாம் தரம் போட்டபோது, இருக்கிறவரைக்கும் கூட்டினாள்.

இந்தக் கந்தோரில் சத்தம் என்றாலே ஒரு பயம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆமிக் காவலரண். ரெலிபோன் மணியைக்கூட ஆகக் குறைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் இன்றைக்கு அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. கத்தினால் கத்தட்டும்.

கத்தவில்லை.

"அவர் ஊமையாப் போனாரோ?" என்றாள் அன்ரோனெற். பகிடியாகச் சொல்லப் பார்த்தாள்.

"அவன் எப்ப வாய் திறந்து உன்னோட கதைச்சவன்? சும்மா இரு."

உண்மைதான். லம்பேட் வீட்டில் இருந்த மூன்று வருசமும் அவன் கொஞ்சிப் பேசியது பதினைந்து குதிரை எஞ்சின் ஒன்றோடுதான். கடலால் வந்தால் அதைக் குளிப்பாட்டி, துடைத்து, சாக்கால் மூடி, அதற்குப் பிறகுதான் தான் சாப்பிடுவான். அந்த எஞ்சினை அருளப்பு இப்போது பெனடிக்ற்றுக்குச் சீதனத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டான்.

* * *

இரண்டே முக்காலுக்குப் பிரான்சிஸ்கா கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தாள். அங்கே கொம்பியூட்டர் பொறுப்பு வஸீர். சிலாவத்துறைப் பொடியன். ஊரை விட்டுப் போகும்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயசு, புத்தளத்தில் வளர்ந்து இப்போது கொழும்பில் உத்தியோகம். நல்ல பிள்ளைதான். ஆனால் கொழும்பில் இருக்கிறானே, அது போதாதா குற்றத்துக்கு?

"வஸீர், உம்மட மெஷின் செத்துப்போச்சு. சத்தம் வரேல்லை."

"இல்லை மிஸ், கோப்பு ஓடுதுதானே? எனக்கு இங்க ஸ்கிரீன்ல தெரியுது."

"ஓடுது, ஓடுது. எங்க ஓடுதெண்டுதான் தெரியேல்லை. உமக்குப் பக்கத்திலதானே சேர்வர் இருக்கு? தட்டிப் பாரும்."

"நான் மேல்மாடியில மிஸ். சேர்வர் கீழ, சனம் வந்து இருக்கிற ஹோலில, மேசைக்குக் கீழ. தட்டுறதுக்கு அது பறையில்லை மிஸ்" என்று சிரித்தான். பிறகு பணிவாகவே சொன்னான்: "நீங்க கனெக்ற் பண்ணுற பக்கத்தில, சத்தம் எண்டு ஒரு இடம் இருக்கு. அதை ஒருக்காத் திறந்து…"

"அதெல்லாம் நான் பாத்திட்டன்."

பார்க்கவில்லை. அப்படி ஓர் இடம் இருக்கிறதென்ற நினைப்பே அவளுக்கு அந்த நிமிசம் இல்லை. ஆனால் முப்பத்தாறு வயசில், ஏழு வருச சேவையில், தன்னிலும் பத்து வயசு இளையவனிடம் "எங்கே இருக்கு?" என்று கேட்பதா? நல்ல கதை!

"பாத்திட்டீங்க எண்டால் சரி மிஸ். அப்ப உங்கட ஸ்பீக்கர் பழுதாத்தான் இருக்கும்."

"எங்கட ஸ்பீக்கர் பழுதில்லை. உங்கட அனுப்பிற புத்திதான் பழுது." ரிசீவரை வைத்தாள்.

அடுத்த அறையிலிருந்து வேறு ஸ்பீக்கர் கொண்டுவந்தாள். ஐந்தாம் தரம், ஆறாம் தரம். பெட்டியை நிறுத்திப் போட்டாள். திரை திரும்பி வரப் பத்து நிமிசம். ஏழாம் தரம். ஒவ்வொரு தரமும் பச்சைக் கோடு வெட்கமில்லாமல் ஊர்ந்து போனது.

அன்ரோனெற் ஜன்னலால் பார்த்தாள். வெளியே வேப்பமரத்தின் கீழ் பெனடிக்ற் நின்றான். பேசாலையிலிருந்து பஸ்ஸில் அவளைக் கூட்டிவந்தவன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தபோது அவளுடைய பையையும் தானே தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவன். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அந்த வெயிலிலேயே நின்றான்.

"உள்ள வந்து இருந்தால் என்னவாம்?" என்றாள் பிரான்சிஸ்கா. "மரத்துக்கு மரம் காவலோ?"

"இது அவற்ற விசயம் இல்லையாம். நான்தான் கேட்டு முடிவெடுக்க வேணுமாம்."

"ஓகோ, அவ்வளவு சொன்னவனோ? அதுக்கு எத்தனை நாள் எடுத்தவன்?"

அன்ரோனெற் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பிரான்சிஸ்காவுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. நாலு வருசம் இந்தப் பெட்டைச்சி சிரித்ததில்லை. இந்தக் கொழுக்கட்டை வாயன் வந்துதான் சிரிக்கிறாள். அதை ஒரு செத்தவன் வந்து கெடுக்கப் போகிறானா, இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு சத்தம் வேண்டும். ஒரே ஒரு சத்தம். அதைத் தர வக்கில்லை இந்தப் பெட்டிக்கு.

எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

மூன்று இருபதுக்கு ரெலிபோன் முனகியது. வஸீர்.

"மிஸ், இங்க வந்திருக்கிற ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல மறந்திட்டன். அந்த ஆள் முகாம் பதிவில தாயின்ர பேரும் குடுத்திருந்தபடியா, நாங்க அவவுக்கும் கடிதம் போட்டம். இண்டைக்கு மூண்டு மணிக்கு வரச் சொன்னது. வந்து கீழ ஹோலில இருக்கிறா, ஒரு மணியில இருந்து…"

"ஆர்? செபஸ்தியம்மாவோ?"

"ஓம் மிஸ், அந்தப் பேர்தான். நான் இப்ப கீழ போய் அவவுக்குப் போட்டு…"

அப்போது அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தமும், மூச்சு வாங்கிக்கொண்டு, கீழ் ஹோலில் வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளையின் குரலும் கேட்டன.

"வஸீர் நானா! எவ்வளவு நேரமாப் போன் அடிக்கிறன், லைன் எங்கேஜ்! கீழ ஸ்பீக்கரில ஒரு மனுசன் எஞ்சின், எஞ்சின் எண்டு கத்துறான். நிண்டு நிண்டு கத்துறான். பதினொரு தரமாச்சு. ஹோல் முழுக்கச் சனம். நிப்பாட்டுங்கோ நானா, காது போச்சு!"

"ஆர் கத்துறது, றாபியா?"

"எனக்கென்ன தெரியும்? மேசைக்குக் கீழ கிடக்கிற மெஷின்தான் கத்துது!"

ரிசீவரைக் காதில் வைத்தபடியே பிரான்சிஸ்கா தன் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

பெப்ரவரி மாதம் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்குத்தான் இந்த வெள்ளைப் பெட்டியை முதன்முதலாகப் போட்டார்கள். திரை வந்ததும் ஸ்பீக்கரில் பாண்டு வாத்தியம் போல ஒரு சத்தம் வெடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் காவலில் நின்றவன் துவக்கோடு பாய்ந்து வந்தான். எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி, மேசை மேசையாகப் பிரட்டி, பெட்டியைக் கையில் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனான். பொறுப்பாளருக்குக் கை கால் ஓடவில்லை. "இனி இதில ஒரு முணுமுணுப்பும் வரக் கூடாது" என்றார். அப்போது பிரான்சிஸ்காதான், யாரையும் கேட்காமல், தானே அந்தப் பக்கத்தைத் திறந்து, 'சத்தம்' என்ற இடத்தைக் கண்டுபிடித்து, இங்கே கொண்டுவர வேண்டாம், அந்தப் பக்கமே கிடக்கட்டும் என்று மாற்றிவிட்டாள். மாற்றிவிட்டு, "பாத்தியளோ, கொழும்பைக் கேக்காமலே செய்து போட்டன்" என்று எல்லாருக்கும் பெருமை அடித்தாள்.

மாற்றியதை மறந்தும் போனாள்.

தான் இங்கே வொலியூமைக் கூட்டக் கூட்ட, அது கொழும்பில் அல்லவா கூடியிருக்கிறது! ஒரு மணியிலிருந்து அந்த ஹோலில், கதிரையில், செபஸ்தியம்மா இருந்திருக்கிறாள்.

சீ! இவ்வளவு நாளும் ஊரில் உள்ளவர்களை எல்லாம் மடையர் என்றாளே. இன்றைக்கு அந்தப் பட்டத்தைத் தலையில் வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

"மிஸ்? லைனில நிக்கிறீங்களா?"

"நிக்கிறன் வஸீர்." குரல் இறங்கிவிட்டது. "அந்தச் சத்தப் பக்கத்தை நான் பாக்கேல்லை. பாத்ததெண்டு பொய் சொன்னனான்."

வஸீர் ஒன்றும் குத்திப் பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது. "பரவாயில்லை மிஸ். சேர்வரை விட்டு வெளிய வந்து, அதை 'இந்தக் கொம்பியூட்டருக்குக் கொண்டுவா' எண்டு மாத்துங்கோ. திரும்ப உள்ள வாங்கோ. கொஞ்சம் சுணங்கும். நாலு மணிக்கு லைன் போயிடும், கெதியாச் செய்யுங்கோ."

* * *

திரை திரும்பி வந்தபோது மூன்று நாற்பத்தெட்டு. காவலரணை நினைத்து ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹெட்போனை மாட்டினாள். இருந்தது ஒன்றுதான். அன்ரோனெற்றின் இடது காதில் ஒரு பக்கம், பிரான்சிஸ்காவின் வலது காதில் மறு பக்கம். சின்ன வயசில் ஒரு பாயில் படுத்த மாதிரித் தலையோடு தலை முட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கோடு ஊர்ந்தது. கரகரப்பு. பிறகு, நாலு வருசத்துக்குப் பிறகு, லம்பேட்.

"ஹலோ… ஹலோ… கேக்குதோ? இதிலயோ கதைக்கிறது? சரி. நான் லம்பேட் கதைக்கிறன். பேசாலை. சுகமா இருக்கிறன். அன்ரோனெற், அந்த எஞ்சினை உன்ர தம்பி அருளப்புவைத் தொட விடாதை. அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. படகு கரைக்கு வந்திருக்கும், எனக்குத் தெரியும், நான் காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாத்துத்தான் விட்டனான். எனக்கு அங்க சரிப்பட்டு வரேல்லை, அதுதான் வேற படகில ஏறி இஞ்சால வந்தனான். வந்த உடன எஞ்சினுக்கு நல்ல தண்ணி ஓட விட்டனியளோ? விடாட்டி உப்புப் பிடிச்சிருக்கும். பிளக் ரெண்டும் அலுமாரி மேல் தட்டில, பிஸ்கற் ரின்னுக்குள்ள கிடக்கு. பழைய எண்ணெயை ஊத்தாதை. ஆருக்கும் இரவல் குடுக்காதை. குடுத்திருந்தால் இண்டைக்கே வாங்கு. பிறகு, அன்ரோனெற்…"

அன்ரோனெற் ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் போட்டாள். பிரான்சிஸ்காவின் காதிலிருந்ததும் சேர்ந்து போனது. திரையில் கோடு இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு செக்கன் மிச்சம் இருந்தது.

"காணும், இவ்வளவும் போதும்" என்றாள் அன்ரோனெற்.

பிரான்சிஸ்காவுக்குச் சந்தேகமே இல்லை. குரல் அவன்தான். சத்தியம் பண்ணலாம். உலகத்தில் வேறு எந்த ஆம்பிளையும், செத்தவன் என்று பூசை ஒப்புக்கொடுத்த பெண்சாதிக்கு, எண்ணெய் மாற்றச் சொல்லிச் சேதி அனுப்பமாட்டான்.

"காத்துப் பாத்து விட்டவராம்" என்றாள் அன்ரோனெற். "கேட்டனியே அக்கா? காத்துப் பாத்து. எஞ்சின் பத்திரமாக் கரைக்குப் போகவேணும் எண்டு பாத்து விட்டவராம். நான் கடற்கரையில மூண்டு நாள் பச்சைத் தண்ணி குடியாமல் கிடந்தனான். நாலு வருசம் கறுப்பு உடுத்தனான். என்னை எந்தக் காத்துப் பாத்து விட்டவராம்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பிரான்சிஸ்காவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"படிவத்தை எடு அக்கா."

பிரான்சிஸ்கா எடுத்தாள். இரண்டு கட்டம். 'குரலை அடையாளம் காண்கிறேன்.' 'குரலை அடையாளம் காணவில்லை.'

"காணேல்லை எண்டு போடு."

"எடி!"

"போடக்கா."

"அது பொய்யெடி. அவன்தான் எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"நான் கலியாணம் முடிச்ச மனுசன்ர குரலா இது? எனக்கு ஒரு மனுசன் இருந்தவர். கடலில போயிட்டார். அவருக்குத்தான் நான் அழுதனான். இவன் ஆரோ எஞ்சின்காரன். இவனை எனக்குத் தெரியாது." அவள் பேனையை இழுத்து, தானே கட்டத்தில் கோடு போட்டு, கீழே கையெழுத்து வைத்தாள். "சாட்சிக் கையெழுத்து உன்ர. வை."

இந்தக் கந்தோரில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தனை பொய்க் கையெழுத்துக்காரரைப் பிரான்சிஸ்கா அவமானப்படுத்தி அனுப்பியிருக்கிறாள்! கள்ளப் பேரில் விண்ணப்பம் போட்டவர், இல்லாத பிள்ளைக்குப் பதிவு கேட்டவர், எல்லாரையும் ஒரு பார்வையிலேயே கூனிக் குறுக வைத்திருக்கிறாள். இப்போது தன் முறை.

ஜன்னலால் பார்த்தாள். பெனடிக்ற் இன்னும் அதே இடத்தில் நின்றான். வெயில் சாய்ந்து மரத்தின் நிழல் அவனை விட்டு விலகிப் போய்விட்டது. அவன் நகரவில்லை.

மூன்று ஐம்பத்தாறு.

பேதுருவானவர் மறுதலித்தபோது பயத்தில் மறுதலித்தார். இது பயமில்லை. இது வெறும் அருவருப்பு. இதற்கு எந்தச் சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது? 'போடா நீயும் உன்ர எஞ்சினும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பிரான்சிஸ்கா சாட்சிக் கையெழுத்தை வைத்தாள். திரையில் பதிலைப் பதிந்து கொழும்புக்கு அனுப்பினாள்.

"நீ வெளிய போ. பஸ்ஸைப் பிடியுங்கோ" என்றாள்.

அன்ரோனெற் அவளைக் கட்டிப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

* * *

ரெலிபோன் முனகியது.

"மிஸ், உங்கட பதில் கிடைச்சது" என்றான் வஸீர். "அடையாளம் காணேல்லை எண்டு."

"ஓம்."

"அந்த அம்மாவும் அப்பிடித்தான் மிஸ். தனியாப் போட்டுக் காட்டவோ எண்டு கேட்டன். வேண்டாம், காணுமெண்ட அளவுக்குக் கேட்டிட்டன் எண்டா. என்ர பிள்ளை இல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிட்டுப் போயிட்டா."

பிரான்சிஸ்கா கதிரையில் சாய்ந்தாள். "செபஸ்தியம்மாவோ? அப்பிடியோ எழுதினவ?"

"ஓம் மிஸ். ஆனால் வாசலில நிண்டு றாபியாவிட்டக் கேட்டவவாம், பதினொரு தரம் கதைச்சவன் ஒரு தரமாவது அம்மா எண்டு சொன்னவனோ பிள்ளை, உனக்குக் கேட்டதோ எண்டு. கேக்கேல்லை எண்டு இவ சொல்ல, எனக்கும் கேக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு நடந்திட்டாவாம்."

அந்த மனுசியைப் பற்றி இத்தனை வருசம் பேசிய பேச்செல்லாம் இப்போது பிரான்சிஸ்காவையே திரும்பி வந்து குத்தியது. மன்னிப்புக் கேட்கக் கொட்டாஞ்சேனைக்கு எந்த வழியால் போவது?

"மிஸ், மற்றது…" வஸீர் இழுத்தான். "அந்த ஆள் உங்கட ஆள் இல்லை எண்டால் நல்லதுதான். அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டு இங்க எங்களுக்கே ஒரு மாதிரிப் போச்சு."

"என்ன கடைசிப் பேச்சு?"

"நீங்க கேக்கேல்லையா? அந்தக் கடைசிப் பன்னிரண்டு செக்கன். படகில இடம் சரிவந்திட்டுதாம். அந்தோனியார் திருநாளுக்கு முதல் வாற சனிக்கிழமை, இருட்டோட இருட்டா, பேசாலைக் கரைக்கு வந்திடுவனாம். ஆருக்கும் சொல்லாமல் எஞ்சினை ஆயத்தமா வைச்சிருக்கட்டாம். பதிஞ்சு மூண்டு கிழமையாச்சு மிஸ். அப்பிடிப் பாத்தால் அது இந்தச் சனி…"

லைன் அறுந்தது. திரையும் கறுத்தது. நாலு மணி.

பிரான்சிஸ்கா ரிசீவரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவர்கள் றோட்டுக்குப் போய்விட்டார்கள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு பெனடிக்ற் திரும்பிப் பார்த்தான். இந்த ஆறு மாதத்தில் முதல் தரமாக, அவன் தானாக அவளைப் பார்த்து வாய் திறந்தான்.

"அக்கா, யோசியாதேங்கோ!" என்று கத்தினான். முகமெல்லாம் சிரிப்பு. "கலியாணத்துக்கு மீன் குறையாது. எஞ்சினைக் கழுவி ஆயத்தமா வைச்சிட்டன். சனிக்கிழமை இரவு நான்தான் கடலுக்குப் போறன்!"

பஸ் புறப்பட்டது.